ஒரே வகுப்பில் எல்லோருக்கும் கணக்கு: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் 42 − 17 என்று எழுதிவிட்டு வகுப்பை ஒரு சுற்று வாருங்கள். ஒரு நோட்டில் 25 இருக்கும். பக்கத்து நோட்டில் 35. இன்னொன்றில் 59, அந்தக் குழந்தை குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கிறது. கடைசி பெஞ்சில் ஒருத்தி நாற்பத்திரண்டு கோடு போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருப்பாள். ஜன்னலோரம் ஒருவன் எப்போதோ முடித்துவிட்டு ரப்பரைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பான். சைதாப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியாக இருந்தாலும் அண்ணா நகர் மெட்ரிக் பள்ளியாக இருந்தாலும் இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை.

இந்த ஐந்து பேருக்கும் பலகையில் ஒரே விளக்கத்தை இரண்டு தடவை சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கும்? சரியாகப் போட்டவனுக்கு அலுப்பு. கோடு போட்டவளுக்குப் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு விடை. குழந்தைக்குக் குழந்தை வேறுபடுத்திக் கற்பிப்பது இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. அதற்காக ஒரு பாடவேளைக்கு மூன்று பாடம் தயாரிக்க வேண்டியதில்லை. வகுப்புக்குக் கணக்கு ஒன்றே போதும். அதற்குள் நுழையும் வழி மட்டும் ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கழித்தல் பாடத்தையே எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரு பாடத்தில் கை வந்துவிட்டால் பெருக்கலுக்கும் பின்னத்துக்கும் நீங்களே கொண்டுபோய்விடுவீர்கள்.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையில், குழந்தைகள் பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணி அட்டவணையில் தங்கள் படி எது என்று பார்த்து அவரவர் வேகத்தில் போனார்கள். சுவரில் குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். பிறகு அது தமிழகம் முழுக்கப் போனது. கொரோனாவுக்குப் பின் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் பார்க்கிறது. 2023-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் அதில் சேர்ந்தன. ஆக, அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அடித்தளம் கையில் இருக்கிறது. தனியார் பள்ளிகளில் இருப்பவர்கள் இதைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும், முடியும்.

படி 1: எந்தக் கருத்து என்று ஒரே வரியில் எழுதுங்கள்

பாடக்குறிப்பில் ‘கழித்தல்’ என்று எழுதினால் போதாது. ‘ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கிக் கழிப்பது’ என்று எழுதுங்கள். இதற்கு முன்னால் குழந்தைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் கீழே எழுதுங்கள். 20-க்கு மேல் பிசகாமல் எண்ணத் தெரிய வேண்டும். 42 என்றால் 4 பத்து, 2 ஒன்று என்று தெரிய வேண்டும். 13 − 5 போன்ற சிறு கழித்தல்கள் தெரிய வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் இந்தப் பட்டியல் இல்லாமல் குழு பிரித்தால், நீங்கள் பிரிப்பது குழந்தையின் வேகத்தையோ கையெழுத்தையோ பார்த்தாக இருக்கும்.

படி 2: குழந்தை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

எனக்கு இதுதான் முழு வேலையின் உயிர். மற்றப் படிகளில் கொஞ்சம் சுணங்கினாலும் பரவாயில்லை, இதில் மட்டும் சுணங்க வேண்டாம்.

பாடம் தொடங்குவதற்கு முந்தைய நாள் அரைத் தாளில் ஐந்து கேள்வி கொடுங்கள். 13 − 5. 58 − 23. 42 − 18. 60 − 24. கடைசியாக ஒரு கதைக்கணக்கு: கவிதாவிடம் 42 ரூபாய், ரஹீமிடம் 18 ரூபாய், கவிதாவிடம் எவ்வளவு அதிகம்? மார்க் போடாதீர்கள். மார்க் என்றதும் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய தகவல் போய்விடும்.

மூன்றாவது கேள்வியில் நான் 42 − 17 போடாமல் 42 − 18 போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 42 − 17-க்கு ஒரு குழந்தை 35 என்று எழுதினால், அது இரண்டு வழியில் வந்திருக்கலாம். மேலே 2, கீழே 7 என்றதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 போட்டு, பத்தின் இடத்தில் 4 − 1 = 3 போட்டிருக்கலாம். அல்லது பத்தைச் சரியாகப் பிரித்து 12 − 7 = 5 போட்டுவிட்டு, மேலே இருந்த 4-ஐ 3 ஆக்க மறந்திருக்கலாம். இரண்டுமே 35. ஆனால் முதல் குழந்தைக்கு இடமதிப்பே புரியவில்லை. இரண்டாவது குழந்தைக்குப் புரிந்திருக்கிறது, ஒரு அடி விட்டுப்போயிருக்கிறது. இவர்கள் இருவரையும் ஒரே குழுவில் உட்கார வைத்தால் ஒருவருக்கு அந்த நாள் வீண்.

42 − 18 கொடுத்தால் முதல் குழந்தை 36 எழுதும், இரண்டாவது 34 எழுதும். தாளைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒன்றின் இடத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால்தான் இந்தக் குழப்பம் வரும். அப்படிப்பட்ட எண்களைக் கண்டறியும் தாளில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

60 − 24 அதே மாதிரி நிறைய பேசும். 44 என்றால் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிற பழக்கம். 46 என்றால் பத்தைக் குறைக்க மறதி. 40 என்றால், ‘சைபரிலிருந்து எதுவும் எடுக்க முடியாது, அதனால் சைபர்’ என்ற சிந்தனை. இந்த மூன்றாவது குழந்தை தனக்குள் ஒரு நியாயத்தோடுதான் எழுதியிருக்கிறது. அந்த நியாயத்தைக் கேட்டுவிட்டுத்தான் திருத்த வேண்டும். கதைக்கணக்கில் 60 என்று வந்தால், ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அது கழித்தல் பிரச்சினை இல்லை, வாசித்துப் புரிந்துகொள்ளும் பிரச்சினை.

தாளில் தெளிவாகத் தெரியாதவர்களை மட்டும் கூப்பிட்டு, ‘இது எப்படி வந்துச்சுன்னு சொல்லு’ என்று கேளுங்கள். ‘ஏன் தப்பா போட்ட?’ என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். சரியாகப் போட்ட சிலரையும் இதே கேள்வி கேளுங்கள். அபாகஸ் வகுப்புக்குப் போகும் குழந்தைகள் சென்னையில் ஏராளம். விடை மின்னலாக வரும், காரணம் கேட்டால் சில பேரிடம் பதில் இருக்காது. அவர்களுக்கும் இந்தப் பாடத்தில் கற்க வேண்டியது இருக்கிறது.

இன்னொன்று. காசிமேட்டில் மீன் விற்கும் வீட்டிலிருந்தும் பாரிமுனையில் பூ விற்கும் வீட்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் வாயால் சில்லறைக் கணக்கை அநாயாசமாகச் சொல்வார்கள். 18 ரூபாய்க்கு வாங்கி 42 ரூபாய் தந்தால் மீதி? ‘இருபதுக்கு ரெண்டு, நாப்பதுக்கு இன்னும் இருபது, அப்புறம் ரெண்டு, இருபத்திநாலு.’ அதே குழந்தை தாளில் 36 எழுதும். அதற்குக் கழித்தல் தெரியாது என்று குறித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்த ஒன்றுக்கும் தாளில் எழுதும் முறைக்கும் நடுவில் இணைப்பு இல்லை, அவ்வளவுதான். அந்தச் சில்லறை முறையை அந்தக் குழந்தையே பலகையில் எண்கோடு போட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். வகுப்பில் அதன் இடமே மாறிவிடும்.

படி 3: குழு பிரியுங்கள், ஆனால் பெயர் சூட்டாதீர்கள்

தாள்களை மேசையில் பரப்பி மூன்று அடுக்காகப் போடுங்கள். இடமதிப்பு இன்னும் பிடிபடாதவர்கள் ஒன்று. இடமதிப்பு தெரியும், பிரித்துக் கழிப்பதில் தடுமாறுபவர்கள் இரண்டு. முறை கைவந்தவர்கள் மூன்று. கதைக்கணக்கில் மட்டும் தவறியவர்கள் மூன்றாவது அடுக்கிலேயே இருக்கட்டும்.

இந்த அடுக்கு இந்தப் பாடத்துக்கு மட்டும்தான். அடுத்த மாதம் வடிவியல் வரும்போது இதே குழந்தைகள் இடம் மாறி விழுவார்கள். கழித்தலில் தடுமாறும் பிள்ளை, கோலம் போட்டுப் பழகிய கையால் சமச்சீர் பாடத்தில் எல்லோரையும் தாண்டிப் போகலாம். ‘மெல்லக் கற்போர்’ என்ற பட்டியலைப் பதிவேட்டுக்காக எழுத வேண்டியிருந்தால் எழுதுங்கள். வகுப்பில் அந்தச் சொல் குழந்தையின் காதில் விழ வேண்டாம். ஒரு தடவை விழுந்தால் போதும், குழந்தை அதை நம்பிவிடும். குழுவைக் குறிக்க ‘குச்சி மேசை’, ‘பட மேசை’, ‘புதிர் மேசை’ என்று செய்யும் வேலையின் பெயரைச் சொல்லுங்கள். இன்று குச்சி மேசையில் இருப்பவர் நாளை புதிர் மேசைக்குப் போவது வகுப்பில் சாதாரணமாக நடக்க வேண்டும்.

படி 4: ஒரே கணக்குக்கு மூன்று நுழைவாயில்

கையால் தொட்டுச் செய்வது, படமாக வரைவது, எண்ணாக எழுதுவது என்ற வரிசையை 1960-களில் ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் விளக்கினார். சிங்கப்பூர் தன் கணிதப் பாடத்திட்டத்தையே இதை ஒட்டி அமைத்தது. நமக்கும் இதுவே போதும்.

குச்சி மேசைக்கு ஐஸ்கிரீம் குச்சியும் ரப்பர் பேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் கட்டாக வாங்கலாம். இல்லாவிட்டால் தென்னந்துடைப்பக் குச்சியை ஒரே அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். புளியங்கொட்டையும் சோழியும் எண்ணிப் பழகுவதற்கு அருமையானவை. ஆனால் இந்தப் பாடத்துக்கு உதவாது, ஏனென்றால் அவற்றைப் பத்துப் பத்தாகக் கட்டவும் முடியாது, கட்டியதைப் பிரிக்கவும் முடியாது. கட்டுவதும் பிரிப்பதும்தான் இங்கே பாடமே.

குழந்தை 42 குச்சியை எண்ணி நான்கு கட்டும் இரண்டு உதிரியுமாக வைக்கட்டும். ‘இதுல பதினெட்டு எனக்குக் குடு’ என்று கேளுங்கள். ஒரு கட்டை எடுத்துக் கொடுக்கும். அப்புறம் எட்டு உதிரி வேண்டும். கை இரண்டு குச்சியின் மேல் போய் நிற்கும்.

‘மிஸ், ரெண்டுதான் இருக்கு. பத்தல.’

‘ஆமா. என்ன பண்ணலாம்?’

இங்கே பேசாமல் இருங்கள். கட்டைப் பிரிக்கச் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். சில குழந்தைகள் பக்கத்து மேசையில் குச்சி வாங்கப் போவார்கள், ‘உன்கிட்ட இருக்கிறதுலயே’ என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கை ரப்பர் பேண்டில் போய் நிற்கும். ‘இதப் பிரிச்சுக்கவா?’ என்று கேட்கும் குழந்தைக்கு, பலகையில் 4-ஐ அடித்து 3 எழுதுவதன் அர்த்தம் இனி சொல்லித் தர வேண்டியதில்லை.

பட மேசையில் இருப்பவர்கள் பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று வரைந்து, ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி சேர்த்துக் கழிக்கட்டும். பக்கத்திலேயே எண்ணாகவும் எழுதட்டும். படத்தில் நடந்த ஒவ்வொன்றும் எண்ணில் எங்கே தெரிகிறது என்று விரல் வைத்துக் காட்டட்டும். பத்தைக் குறைக்க மறக்கிற குழந்தைக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. காகித ரூபாயும் வைக்கலாம், ஆனால் பத்து ரூபாயும் ஒரு ரூபாயும் மட்டும். ஐந்து ரூபாயும் இரண்டு ரூபாயும் கலந்தால் பத்துக்குப் பத்து என்ற ஒழுங்கு குலைந்துவிடும்.

படி 5: முடித்துவிட்டவனுக்கு இன்னும் பத்துக் கணக்கு தராதீர்கள்

சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனையாக அதே மாதிரிக் கணக்கு இன்னும் பத்து. குழந்தை இரண்டே நாளில் மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். அதே கருத்தை ஆழமாகத் தோண்டும் வேலை கொடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஏதாவது ஒரு இரண்டிலக்க எண்ணை எடு, இரண்டு இலக்கமும் வேறாக இருக்கட்டும். திருப்பிப் போடு. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. 52 − 25 = 27. 71 − 17 = 54. 83 − 38 = 45. இன்னும் சிலவற்றைப் போட்டுப் பார், என்ன தெரிகிறது? விடை எல்லாமே ஒன்பதாம் வாய்பாட்டில் வருகிறது என்று யாராவது கத்துவார்கள். சரி, எந்த ஒன்பது? 5-க்கும் 2-க்கும் வித்தியாசம் 3, விடை மூவொன்பது. 7-க்கும் 1-க்கும் வித்தியாசம் 6, விடை ஆறொன்பது. ‘ஏன் அப்படி?’ என்பது ஐந்தாம் வகுப்புக் குழந்தையையும் யோசிக்க வைக்கும் கேள்வி. இந்தப் புதிரில் எல்லாக் கழித்தலுக்கும் பத்தைப் பிரித்தாக வேண்டும். ஆகவே பட மேசைக்காரர்களும் படம் போட்டே இதில் சேரலாம்.

இன்னொன்று: வித்தியாசம் 25 வரும்படி எத்தனை இரண்டிலக்க ஜோடிகள் இருக்கின்றன? 35 − 10-இல் தொடங்கி 99 − 74 வரை 65 ஜோடி. அவற்றில் பத்தைப் பிரிக்க வேண்டியவை எத்தனை? 30. பட்டியல் போடாமல் எப்படிச் சொல்வது என்று ஒருவாரம் கூட ஓட்டலாம்.

படி 6: 40 நிமிடத்தை ஓட்டுவது

முதல் எட்டு நிமிடம் எல்லோரும் சேர்ந்து. ‘பெசன்ட் நகர் போற 29சி பஸ்ல 42 பேர் இருக்காங்க. அடையாறுல 18 பேர் இறங்கிட்டாங்க, யாரும் ஏறல. இப்ப எத்தனை பேர்?’ யாரும் விடை சொல்ல வேண்டாம், 30-க்கு மேலா கீழா என்று மட்டும் கை தூக்கட்டும். குச்சி மேசைக் குழந்தையும் புதிர் மேசைக் குழந்தையும் ஒரே கதையிலிருந்து கிளம்புவது முக்கியம்.

அடுத்த இருபது நிமிடம் குழுவில். நீங்கள் முதல் பத்து நிமிடம் குச்சி மேசையிலேயே உட்காருங்கள். நின்றுகொண்டே சுற்றினால் நாற்பது பேரும் கூப்பிடுவார்கள், யாரிடமும் இரண்டு நிமிடம் இருக்க முடியாது. மற்ற மேசைகளுக்கு ஒரு விதி: சந்தேகம் வந்தால் முதலில் தாளை மறுபடி படி, அப்புறம் பக்கத்தில் கேள், அதற்கு அப்புறம்தான் மிஸ். இந்த விதி பழக ஒரு மாதம் ஆகும். சத்தமும் இருக்கும். ஹெச்.எம். எட்டிப் பார்த்தால் இது வேலைச் சத்தம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

பிறகு எல்லோரும் சேர்ந்து எட்டு நிமிடம். குச்சியால் செய்தவர், படத்தால் செய்தவர், சில்லறை எண்ணியவர் என்று மூன்று பேர் பலகையில் அடுத்தடுத்துக் காட்டட்டும். மூன்றுமே 24-இல் வந்து சேர்வதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்க வேண்டும். மீதி நான்கு நிமிடத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, அதில் ஒரே கணக்கு: 53 − 27. பத்தைக் குறைக்க மறந்தவர் 36 எழுதுவார், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவர் 34 எழுதுவார், சரியானது 26. அன்று மாலையே சீட்டுகளை அடுக்கிப் பார்த்து நாளைய மேசைகளை மாற்றுங்கள்.

தினமும் இப்படி நடத்த வேண்டியதில்லை. போர்ஷன் நெருக்கும் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும்.

படி 7: மொழியையும் கவனியுங்கள்

ஆங்கில வழிப் பிரிவில் தேர்ட்டீனும் தேர்ட்டியும் காதில் ஒன்றாகவே விழும் குழந்தைகள் உண்டு. தமிழில் முந்நூற்று ஐந்து என்றதும் கேட்டபடியே 3005 என்று எழுதுபவர்கள் உண்டு. வீட்டில் தெலுங்கோ இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகள் இப்போது பல வகுப்புகளில் இருக்கிறார்கள். கணக்கு தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் நிற்பார்கள். கேள்வியை நடித்துக் காட்டுங்கள், அல்லது குச்சியால் காட்டச் சொல்லுங்கள். விடையை எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 8: பெற்றோர் கேட்கும் கேள்வி

‘பக்கத்து வீட்டுப் பையனுக்குப் புதிர் குடுத்திருக்கீங்க, எங்க பொண்ணு குச்சி எண்ணிட்டு இருக்கா, ஏன் மேடம்?’ இந்தக் கேள்வி வாட்ஸ்அப் குரூப்பில் வருவதற்கு முன்னாலேயே, முதல் பெற்றோர் கூட்டத்தில் பதில் சொல்லிவிடுங்கள். அந்தக் குழந்தையின் இரண்டு தாள்களைக் காட்டினால் போதும்: போன வாரம் 36, இந்த வாரம் 24. வீட்டுப்பாடத்தில் முதல் மூன்று கணக்கு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும், மீதியில் பிடித்த இரண்டைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். டியூஷன் அக்காவுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குச்சியில் காட்டியதை அங்கே ‘கடன் வாங்கு, கடன் வாங்கு’ என்று மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சில மாதங்களாக ஒரு குழந்தை 8-ஐயும் 5-ஐயும் வைத்து எது பெரியது என்று சொல்லத் திணறினால், இன்னும் அதிகப் பயிற்சி கொடுத்து வாட்டாதீர்கள். அரசுப் பள்ளியானால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள், கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உதவும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளை அணுகலாம். போகும்போது அந்தக் குழந்தையின் அரைத் தாள்களையும் துண்டுச் சீட்டுகளையும் தேதிவாரியாகக் கொண்டுபோங்கள். குழந்தை எங்கே நிற்கிறது என்பதை மார்க் ஷீட்டைவிட அவைதான் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லும்.